வாசலில் மூட்டை மூட்டையாகக் கேரட், பையன் தட்டில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது

கேத்தி_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். இதைக் கேட்கவே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் இருப்பது நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம், திரும்பிய இடமெல்லாம் கேரட், பீட்ரூட், கோஸ், டர்னிப். வீட்டுக்காரர் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கேரட் போடுகிறார். பிடுங்குகிற நாளில் விடிவதற்கு முன்பே ஆட்கள் டார்ச் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், அங்கிருந்து கழுவுகிற மெஷின், அப்புறம் மூட்டை, அப்புறம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி. உடைந்தது, வெடித்தது, இரண்டு கால் விட்டது எதையும் மண்டியில் எடுக்க மாட்டார்கள். அது ஒரு மூட்டை எப்போதும் எங்கள் வாசலில் நிற்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் என் ஆறு வயதுப் பையன் கேரட்டைத் தொட மாட்டான். கேரட் மட்டுமா, பீன்ஸ், கோஸ், கீரை எதுவும் ஆகாது. உருளைக்கிழங்கு மட்டும் எப்படிச் செய்து கொடுத்தாலும் இறங்கும். பழத்தில் அரை வாழைப்பழம், அதுவும் தோலில் கறுப்புப் புள்ளி இருந்தால் கிடையாது. நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்தால் டீயும் வர்க்கி பிஸ்கட்டும், இல்லாவிட்டால் முக்குக் கடையில் தொங்குகிற பத்து ரூபாய் பாக்கெட். (பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கும் மாவட்டத்தில் இந்தப் பாக்கெட்டுகள் மட்டும் எப்படித் தோரணம் மாதிரித் தொங்குகின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. சரி, அது வேறு கதை.)

நான் செய்து பார்க்காதது இல்லை. மிரட்டினேன். கேரட் சாப்பிட்டால் சாக்லேட் என்றேன், ஒரு வாரம் ஓடியது, அப்புறம் சாக்லேட்டை முதலில் கொடு, பிறகு பார்க்கலாம் என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டான். துருவித் தோசையில் போட்டேன், ஆரஞ்சு நிறத்தில் இருந்ததை எல்லாம் விரலால் நோண்டி எடுத்துத் தட்டோரம் அடுக்கி வைத்தான், அந்தப் பொறுமையில் கால்வாசியைப் படிப்பில் காட்டினால் கலெக்டர் ஆகிவிடுவான். அல்வா மட்டும் சாப்பிடுகிறான், ஆனால் அதில் எவ்வளவு சர்க்கரை கொட்டுகிறேன் என்று எனக்குத்தானே தெரியும். மாமியாரோ பழம் என்றாலே "சளி பிடிக்கும், இந்தக் குளிர்ல எதுக்கு" என்று தட்டைப் பிடுங்கிவிடுவார்.

போன வாரம் பொறுமை போய், ஏண்டா உனக்குக் கேரட் பிடிக்காது என்று கேட்டேன். "அது மாட்டுக்குப் போடறதுதானேம்மா" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை.

பாப்பாவுக்கு மூன்று வயது, இதுவரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவள், இப்போது அண்ணனைப் பார்த்துத் தட்டை ஒதுக்குகிறாள். அதனால்தான் பயம். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? கேரட் கண்ணுக்கு நல்லது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அதைத் தினமும் நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சும்மா_ஒருவன்

ரெண்டு நாள் பட்டினி போடுங்க, மூணாவது நாள் மூட்டையோட தின்னுவான். எங்க காலத்துல யாரு கேட்டா பிடிக்குதா பிடிக்கலையான்னு.

அங்கன்வாடி_டீச்சர்

மேலே எழுதிய தம்பி, உங்கள் காலத்தில் முக்குக் கடையில் பாக்கெட் தொங்கியதா? இல்லை அல்லவா. அப்புறம் ஏன் ஒப்பிடுகிறீர்கள்.

தங்கச்சி, நான் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் பதினாறு வருடமாக அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒரு அம்மாவாவது வந்து "இவ வீட்டுல கீரையைப் பார்த்தாலே ஓடறா, இங்க எப்படி டீச்சர் சாப்பிடறா" என்று கேட்காமல் இருந்ததில்லை. நாங்கள் மந்திரம் எதுவும் போடுவதில்லை. பன்னிரண்டு குழந்தைகள் வட்டமாக உட்காருகிறார்கள், எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு, டிவி கிடையாது, போன் கிடையாது, இது வேண்டாம் என்றால் அதைக் கொடு என்று கேட்க அங்கே வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் தின்கிறான், இவனும் தின்கிறான். சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளையை நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன், திருப்பி மட்டும் வைத்துவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்து சாப்பிடாமல் போகும். நானும் அதே சாம்பாரை ஊற்றிக்கொண்டு அவர்களோடு கீழே உட்கார்ந்து சாப்பிடுவேன். டீச்சர் டப்பாவில் தனியாகக் கொண்டுவந்து சாப்பிட்டால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு தடவை ஒரு குழந்தை சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து வட்டத்தில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு ஒருவர் கையும் சோற்றில் போகவில்லை. அன்றிலிருந்து பாக்கெட் எல்லாம் வாசலிலேயே என் பைக்குள் போய்விடும், போகும்போது திருப்பிக் கொடுப்பேன்.

உங்கள் பையன் அரசுப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டத்தில் கிச்சடியோ பொங்கலோ காய் போட்ட சாம்பாரோடு வைப்பார்களே, அங்கே எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஒரு நாள் சும்மா விசாரித்துப் பாருங்கள். வீட்டில் அவனுக்கு முன்னால் யார் காய் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் பதிவில் அது வரவே இல்லை.

குன்னூர்_டயட்டீஷியன்

பிறந்து வளர்ந்தது குன்னூர், இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். தினமும் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காரும் கேள்விதான் இது. ஆனால் உங்கள் பையன் சொன்ன பதிலை இதுவரை யாரும் சொன்னதில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் கண்ணால் பார்த்தது என்ன? நல்ல கேரட் எல்லாம் லாரியில் ஏறிப் போகிறது. வீட்டில் தங்குவது மண்டிக்காரர் வேண்டாம் என்றது, மண்ணோடு மூட்டையில் கிடப்பது, சாயங்காலம் மாட்டுக்குப் போவது. அம்மா, அப்பா, பாட்டி யாரும் அந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவிக் கடித்ததை அவன் பார்த்திருக்க மாட்டான். உங்கள் வீட்டில் கேரட் இருக்கிறது, ஆனால் அவன் கணக்கில் சரக்காகவும் தீவனமாகவும் இருக்கிறது, தின்பண்டமாக இல்லை. வர்க்கி மட்டும்தான் தின்பண்டமாக இருக்கிறது, டப்பாவில், கைக்கு எட்டுகிற உயரத்தில், டீயோடு.

இதைப் பற்றி அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேரன் கல்லன், டாம் பரனோவ்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களின் குழு நிறைய வேலை செய்திருக்கிறது. காய் வீட்டில் இருப்பதையும் அது குழந்தையின் கைக்கு எட்டுவதையும் அவர்கள் தனித்தனியாகவே பார்த்தார்கள். கழுவி, தோல் சீவி, நறுக்கி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால்தான் எட்டுகிறது என்று அர்த்தம். மூட்டையில் கிடப்பது பெரியவர்களுக்குத்தான் காய்.

அப்புறம் வயது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதிய சாப்பாட்டைக் கண்டு பயப்படுவது இயல்பு, உங்கள் வளர்ப்பில் ஒன்றும் குறை இல்லை. பாப்பா ஒதுக்க ஆரம்பித்திருப்பதில் பாதி அண்ணன் வேலை, பாதி அவள் வயதின் வேலை. அமெரிக்காவில் லீஆன் பர்ச் என்ற ஆராய்ச்சியாளர் 1982ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய பழம், சீஸ் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார், சிலவற்றை இரண்டே தடவை, சிலவற்றை இருபது தடவை வரை. அதிகத் தடவை ருசித்ததுதான் அதிகம் பிடித்துப்போனது. இப்போது பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து தடவை என்று சொல்கிறோம். நம் வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதையும் அவன் காதுபட எல்லா உறவுக்காரரிடமும் சொல்கிறோம், அவனும் அதைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்கிறான்.

மிரட்டலும் சாக்லேட்டும் பற்றி. 2006ல் வந்த ஒரு ஆய்வில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, ஒரு வகை சூப்புக்கு மட்டும் "குடிச்சு முடி, குடிச்சு முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வற்புறுத்தாத சூப்பைத்தான் அதிகம் குடித்தார்கள், வற்புறுத்தியதைப் பற்றி முகம் சுளித்துப் பேசினார்கள். சாக்லேட் கொடுத்தால் நடப்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது, பரிசாகக் கொடுப்பதன் மதிப்பு ஏறுகிறது, அதைப் பெறுவதற்காகத் தின்ன வேண்டியது தண்டனை ஆகிறது. அதற்காகப் பாக்கெட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொடாதே என்றும் சொல்லாதீர்கள், அது ஆசையை இன்னும் கிளப்பும், 1999லேயே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருப்பது, வாங்கி ஒளித்து வைப்பதைவிடச் சுலபம்.

எனக்கு உங்கள் பதிவில் முக்கியமாகப் பட்டது நாலரை மணி. அன்றைய நாளில் அவனுக்கு நிஜமாகப் பசிக்கிற நேரம் அதுதான், அந்தப் பசியை வர்க்கிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், பிறகு எட்டு மணிக்குப் பசியே இல்லாதவனிடம் பீன்ஸ் பொரியலோடு சண்டை. பென்சில்வேனியாவில் 2010ல் பாலர் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் கேரட்டை மட்டும் முதலில் வைத்துப் பார்த்தார்கள், வேறு எதுவும் போட்டிக்கு இல்லை, அளவை இரண்டு மடங்காக்கியபோது கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நாலரைக்கு வந்தவுடன் குச்சி குச்சியாக நறுக்கிய கேரட், வேகவைத்த பட்டாணி, ஒரு பேரிக்காய்த் துண்டு, எதுவோ ஒன்று முதலில் முன்னால் இருக்கட்டும். பத்து நிமிடம் கழித்து வர்க்கி. டீயைக் குறைத்துப் பாலாகக் கொடுங்கள், டீ சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, டீ விளையும் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்ன கணக்கு: காய், பழம் இரண்டும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு 250 கிராம், ஆறிலிருந்து ஒன்பதுக்கு 350, பத்துக்கு மேல் 400. உருளைக்கிழங்கு இதில் சேராது. ஆமாம், ஊட்டி உருளைக்கிழங்கும்தான். இன்றைக்கே 350 கிராம் என்று தராசை எடுக்காதீர்கள், இப்போதைக்கு ஒரு குச்சி போதும்.

எல்லன் சாட்டர் என்ற உணவியலாளர் ஒரு வேலைப் பிரிவினை சொல்வார், என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. நம் ஊரில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும் என்று அவனைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம்.

கேத்தி_மருமகள்

அக்கா, டீச்சரம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

மாட்டு விஷயம் சுருக்கென்று குத்தியது. நிஜம்தான், நான்கூட அந்த மூட்டையிலிருந்து பொறுக்கித்தான் சமைக்கிறேன், அப்போதும் வெடித்த பகுதியை வெட்டி மாட்டுக்கு ஒதுக்குவதை அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் ஒரு சந்தேகம். கண்ணில் படுகிற இடத்தில் பழம் வை என்றால், எங்கள் வீட்டில் அது முதலில் படுவது குரங்கின் கண்ணில். போன மாதம் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது, அரை சீப்பு வாழைப்பழமும் மாமியாரின் பிபி மாத்திரை டப்பாவும் போய்விட்டன. கோத்தகிரியில் கரடியே வரும், டீச்சருக்குத் தெரியும்.

மாமியாரின் சளிக்கு என்ன பதில் சொல்வது? டிசம்பரில் உறைபனி விழும்போது ஆரஞ்சு கொடுத்தால் அவர் என்னையே வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

குன்னூர்_டயட்டீஷியன்

ஹாஹா, சிம்ஸ் பார்க் பக்கம் வளர்ந்தவளிடம் குரங்கைப் பற்றிச் சொல்கிறீர்கள். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, அவன் கைக்கு எட்டுகிற அலமாரியில், ஜன்னலுக்குத் தள்ளி. அவனுக்கு மூடி திறக்கத் தெரியும், பாக்கெட் பிரிக்கத் தெரிந்தவனுக்கு இது என்ன. காலையில் நறுக்கி வைக்காமல் அவன் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நறுக்குங்கள், காய்ந்துபோன கேரட் குச்சி எனக்கே பிடிக்காது.

சளி கிருமியால் வருகிறது, பழத்தால் இல்லை. ஆனால் இதை மாமியாரிடம் என் பெயரைச் சொல்லி வாதாடிப் பயன் இல்லை. ஃப்ரிட்ஜில் வைக்காத பழம், வெயில் இருக்கும் மதிய நேரம், இப்படி ஆரம்பித்தால் அவரும் விட்டுக்கொடுப்பார். அவரையே கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டி கையால் வருவது வேறு கணக்கு.

மஞ்சூர்_பஸ்

இதைப் படிக்கும்போதே மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள், அதனால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பொண்ணுக்கு ஏழு வயது. பீன்ஸ் சாப்பிட மாட்டாள் என்று வீட்டில் தினமும் ரகளை. ஒரு நாள் சாப்பிடும்போது கவனித்தேன், சாம்பாரில் இருந்த பீன்ஸை எல்லாம் கரண்டியால் தள்ளித் தட்டின் இடது ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். என் தட்டைப் பார்த்தேன். இடது ஓரம். வரிசை. அதே மாதிரி. முப்பத்தெட்டு வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன், என் அப்பாவும் அப்படித்தான் செய்வார், எங்கள் குடும்பத்தில் பீன்ஸ் என்பது தட்டுக்கு அலங்காரம்.

அங்கன்வாடி அக்கா கேட்டது சரியான கேள்வி. தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார்?

நான் சாப்பிடப் பழகினேன், பொய் சொல்ல விரும்பவில்லை, முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளும் நானும் ஒரே நேரத்தில் ஒன்று வாயில் போட வேண்டும், முகம் சுளிக்கிறவர் தோற்றார். பெரும்பாலும் நான்தான் தோற்றேன்.

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டால் குழந்தை சாப்பிடும் என்று எல்லோரும் எழுதுவார்கள், நம் பக்கத்தில் காட்டெருமைதான் சாப்பிடும். எங்கள் முட்டைக்கோஸ் ஒரே ராத்திரியில் போயிற்று. அப்புறம் பழைய பெயிண்ட் டப்பா நாலைக் கழுவி, ஓட்டை போட்டு, திண்ணை மேல் வைத்து முள்ளங்கி விதைத்தோம். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலை டப்பாவை எட்டிப் பார்ப்பது. ஒன்றரை மாதத்தில் அவளே பிடுங்கினாள், சுண்டு விரல் தடிமன்தான் இருந்தது, காரம் வேறு. கண்ணில் தண்ணீர் வர வர முழுசாகத் தின்றாள், எனக்கு ஒரு கடிகூடத் தரவில்லை.

லைன்வீட்டுப்_பெண்

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். நான் கூடலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறேன். காலையில் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம் வரும்போது பிள்ளை எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருக்கும். நாலரை மணிக்கு நறுக்கி வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? சந்தைக்கு வாரத்துக்கு ஒரு நாள், அன்றைக்கு வாங்கிய காய் புதன்கிழமையோடு தீரும். பதினைந்து தடவை கொடு என்கிறீர்கள், பதினைந்து தடவை கீழே போனால் அந்தக் காசு யாருடையது? பத்து ரூபாய் பாக்கெட் வாங்கிக் கொடுத்தால் கடைசித் துகள் வரை தின்றுவிட்டு வேலைக்குப் போக விடுகிறது. அதனால்தான் வாங்குகிறோம், அறிவில்லாமல் இல்லை.

ஒருவரையும் குறை சொல்லவில்லை. நான் இப்போது ஐந்து மாதம், அடுத்தது வேறு வருகிறது, அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

குன்னூர்_டயட்டீஷியன்

நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் எழுதியது வீட்டில் ஒருவர் இருக்கிற குடும்பத்துக்கு எழுதியது. காசு வீணாகும் என்ற பயத்தில் குழந்தை நிச்சயம் தின்கிற பொருளையே வாங்குவது உலகம் முழுக்க, கையில் காசு குறைவாக இருக்கிற எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அதனால் தனியாக வாங்காதீர்கள், தனியாகச் சமைக்காதீர்கள். நீங்கள் சாப்பிடுகிற பொரியலில் இருந்து ஒரே ஒரு துண்டு, கட்டைவிரல் நகம் அளவு, அவன் தட்டில் இருக்கட்டும். தின்னவில்லையா, நீங்கள் எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள், ஒரு பைசா வீண் இல்லை. தடவைதான் கணக்கு, அளவு இல்லை. சாயங்காலத்துக்குக் காலையிலேயே வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ வாழைப்பழமோ மூடி வைத்துவிட்டுப் போகலாம், கிழங்கு காய்க் கணக்கில் வராது, ஆனாலும் பாக்கெட்டைவிட மேல். அந்தப் பசி நேரத்தில் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் எது படுகிறது என்பதுதான் விஷயம்.

வயிற்றில் இருப்பவருக்கும் ஒன்று. பிலடெல்பியாவில் ஜூலி மெனல்லா என்பவர் 2001ல் ஒரு ஆய்வு வெளியிட்டார், கர்ப்பக் காலத்தில் கடைசி மூன்று மாதமோ, பால் கொடுக்கும்போதோ கேரட் ஜூஸ் குடித்த அம்மாக்களின் குழந்தைகள், பிறகு திட உணவு தொடங்கியபோது கேரட் ருசியை அவ்வளவாக முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. நீங்கள் சாப்பிடுகிற காயின் ருசி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஜூஸ் எல்லாம் வேண்டாம், சந்தையில் எது மலிவோ அந்தக் காயும் கீரையும் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைன்வீட்டுப்_பெண்

நகம் அளவு என்றால் முடியும். எனக்கு இந்த மாதம் கீரைதான் பிடிக்கிறது, அதுவே நல்லதாகப் போயிற்று.

தாண்டிக்குடி_காப்பி

நீலகிரிக்காரர்கள் பேசுகிற இடத்தில் பழனி மலைக்காரன் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். அந்த மாட்டுக் கேரட் கதை எங்கள் வீட்டுக் கதையேதான். எங்கள் காப்பித் தோட்டத்தில் வெண்ணெய்ப் பழம் மரம் மரமாகக் காய்க்கிறது, வியாபாரி வந்து எடைபோட்டு எடுத்துப் போவார், நாங்கள் ஒன்றைக்கூடப் பிளந்து பார்த்ததில்லை. சென்னையில் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது அவள் அதையே விலை கொடுத்து வாங்கி ரொட்டியில் தடவிக் கொடுத்தாள், என் பையன் இரண்டு தின்றான். "இது நம்ம தோட்டத்துல இருக்கறதுதானேப்பா, ஏன் நமக்குத் தர மாட்டேங்கறீங்க" என்று கேட்டான். நான் என்ன சொல்வது.

கேத்தி தங்கச்சிக்கு ஒன்று மட்டும், வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளிக்குப் பயப்படுகிற பையனுக்கு எங்கள் விருப்பாச்சி வாழையைக் காட்டுங்கள், பழநி பஞ்சாமிர்தத்தில் போடுகிற சின்ன மலைப்பழம். தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே கெடாது. அவன் கையாலேயே உரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேரக்காய் என்பதை நாங்கள் சௌசௌ என்போம், அதை எந்தப் பெயரில் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, அதற்கு ஏதாவது ஆராய்ச்சி இருந்தால் டயட்டீஷியன் மேடம் சொல்லலாம்.

சும்மா_ஒருவன்

மேரக்காய்க்கு ஆராய்ச்சி எல்லாம் உதவாது அண்ணா.

பட்டினி போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். யோசிச்சுப் பார்த்தா நாங்க ஸ்கூல் விட்டு நடந்து வர வழியில தவிட்டுப்பழம், வேலியில தொங்குற தாட்பூட் பழம், பிளம்ஸ் சீசன்ல யார் தோட்டத்துலயோ திருடின பிளம்ஸ்னு வயிறு ரொம்பித்தான் வீட்டுக்கு வருவோம். யாரும் தின்னுன்னு சொல்லல. எட்டாத இடத்துல இருந்ததுதான் மரத்துல ஏற வெச்சது. இப்ப என் பையன் ஸ்கூல் வேன்ல போயி வேன்ல வரான், வழியில அவனுக்கு ஒண்ணும் இல்ல.

கேத்தி_மருமகள்

ஐந்து வாரம் ஆயிற்று, என்ன ஆனது என்று சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

முதலில் மூட்டையை வாசலில் இருந்து தூக்கி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டேன். அடுத்த பிடுங்கலின்போது லாரிக்கு ஏற்றுவதற்கு முன்னால் நேராக, வழவழவென்று இருக்கிற கேரட்டாகப் பத்து எடுத்து வீட்டுக்கு என்று தனியாக வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், முதல் தரத்தை யாராவது வீட்டில் தின்பார்களா என்கிற பார்வை. பத்துக் கேரட் என்ன விலை போகும் என்று கேட்டேன், பேசாமல் எடுத்து வைத்தார். மஞ்சூர் அண்ணா கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்தது, கேரட் விவசாயியான அவர் கேரட் சாப்பிட மாட்டார். "நாள் பூரா அதோட கிடக்கறேன், தட்டுலயும் அதேவா" என்கிறார். நியாயம்தான், ஆனால் பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலரை மணி டப்பா முதல் இரண்டு வாரம் பாப்பாவுக்கும் எனக்கும்தான் போயிற்று. அவன் நேராக வர்க்கி டப்பாவுக்குப் போவான், பத்து நிமிடம் என்பேன், முறைத்துக்கொண்டு உட்காருவான். நானும் பாப்பாவும் எலுமிச்சம்பழம் பிழிந்து மிளகாய்த் தூள், உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டிருப்போம். மூன்றாவது வாரம் ஒரு நாள் மிளகாய்த் தூளுக்காக ஒன்றை எடுத்தான். தூளை நக்கிவிட்டுக் கேரட்டை வைத்துவிட்டான். நான் எதுவும் பேசவில்லை, பேசாமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இப்போது நாளைக்கு இரண்டு, மூன்று குச்சி தின்கிறான். சமைத்த கேரட் இன்னும் ஆகாது.

மாமியாரைப் பட்டாணி உரிக்க உட்கார வைத்தேன், பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். உரித்ததில் பாதி அவன் வாய்க்குள் போய்விட்டது. "பச்சைப் பட்டாணி சளி பிடிக்காது" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார், எந்த ஆதாரத்தில் என்று நான் கேட்கவில்லை. ஆரஞ்சு இன்னும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரைதான் அனுமதி.

வீட்டுக்காரர் சாம்பாரில் உள்ள கேரட்டை விழுங்குகிறார், மெல்லுவதில்லை. இருக்கட்டும். முக்குக் கடை அப்படியேதான் தொங்குகிறது, வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை, ஒரு பாக்கெட் என்று பேசி வைத்திருக்கிறோம், சில வாரம் இரண்டாகிறது.

பீன்ஸ் மட்டும் அசையவில்லை. ஒரு துண்டு, தட்டோரத்தில், நகம் அளவு, ஒன்பது தடவை வைத்துவிட்டேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று எடுத்தான், முகர்ந்தான், நுனி நாக்கால் ஒரு தடவை தொட்டுவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். அக்கா, இதைக் கணக்கில் சேர்க்கலாமா?

குன்னூர்_டயட்டீஷியன்

தாராளமாகச் சேர்க்கலாம், நாக்கில் பட்டால் கணக்குதான். நோட்டை மட்டும் அவன் கண்ணில் படாமல் வையுங்கள்.

மஞ்சூர்_பஸ்

தட்டின் எந்த ஓரம்? இடதா?

கேத்தி_மருமகள்

இடதுதான் அண்ணா.